எந்த நிலத்திலும் சாகுபடி செய்யவில்லை

ஆமாம் அக்கா, வேலையில் சேரத்தான் போகிறேன். இளநிலை உதவியாளர், திருவாரூரில். பத்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பஸ் ஒன்பதேகாலுக்குப் போய்விடும் என்று கண்டக்டர் சொன்னார். இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை கேட்டால் கோபித்துக்கொள்வார்.

"அப்பா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாரே" என்கிறீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு எதையும் பாதியாகச் சொல்ல வராது. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். மூன்று முறை படிக்காமல் பேனாவின் மூடியைத் திறக்க மாட்டேன். அப்படிப்பட்டவள் இதைச் செய்தேன் என்பதால்தான் சொல்கிறேன். நீங்களும் திருவாரூர்தானே? அப்படியென்றால் நேரம் இருக்கிறது.

அப்பா பெயர் வேதையன். கோரையாற்றுக்குத் தெற்கே எங்கள் ஊர். அங்கே ஒன்பது மா நிலத்தை அப்பா குத்தகைக்குச் செய்துவந்தார். ஏக்கர்க் கணக்கில் மூன்று. சரியாகச் சொன்னால் பத்திரத்தில் எட்டே முக்கால் மாதான். எல்லாரும் ஒன்பது என்பார்கள். அப்பாவின் அப்பா காலத்திலிருந்தே எங்கள் கையில் இருந்த நிலம்.

நிலத்துக்காரர் சபாநாதன் சார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்தில் இருக்கிறார். ஊரில் ஒரு பழைய வீடு உண்டு, அறுவடைக்கு மட்டும் வருவார். குத்தகை நெல்லை அளந்து, மூட்டை பிடித்து, வண்டியில் ஏற்றி அனுப்புவது அப்பா. ரசீது கிடையாது. எங்கள் ஊரில் யாரும் கேட்டது கிடையாது. ரசீது கேட்டால் அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி.

மீதி நெல்லை விற்கவும் அவர் வேண்டும். அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் என்று நிலத்துக் காகிதங்களைக் கேட்பார்கள். நிலம் யார் பெயரிலோ நெல்லும் அவர் பெயரில். அப்பா விதைத்து, அப்பா அறுத்த நெல் சபாநாதன் சார் பெயரில்தான் தராசில் ஏறும். அவர் கணக்குக்குப் பணம் போய், அங்கிருந்து எங்களுக்கு வரும். வந்துவிடும், அதில் குறை சொல்ல மாட்டேன். அப்பாதான் அவ்வப்போது சொல்வார்: "எம்பேரு ரேஷன் கார்டுல இருக்கு, ஓட்டு லிஸ்ட்டுல இருக்கு. ஒரு மூட்டை நெல்லுல இல்ல பாத்துக்க."

அம்மா விட மாட்டாள். "மூட்டையில பேரு இருந்தா, சோறு ருசியா இருக்குமாக்கும்."

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நிலத்துக்காரர் விற்க நினைத்தால், குத்தகைக்காரரின் உரிமையைத் தீர்க்காமல் விற்க மாட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு நிலத்தை அவர் பெயருக்கே எழுதிக்கொடுப்பார்கள். மீதிக்கும் முதலில் அவரிடம்தான் "நீ வாங்கிக்கிறியா?" என்று விலை கேட்பார்கள். ஆனால் அதற்குத் தாலுகா ஆபீஸ் குத்தகைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அப்பா பெயர் இல்லை. "பதிஞ்சா ஐயா தப்பா நெனைச்சுக்குவாங்க" என்று தாத்தா விட்டுவிட்டார், அதையே சொல்லி அப்பாவும் விட்டுவிட்டார்.

இனிமேல்தான் என் பங்கு.

ஏழு வருடத்துக்கு முன்னால் எனக்குக் கல்லூரியில் கணிதம் கிடைத்தது. விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். அதற்கு வழியில்லை. ஒரு அறக்கட்டளை, நிலமில்லாத விவசாயக் கூலிகளின் பெண்களுக்கு மூன்று வருடமும் விடுதிக் கட்டணம் கட்டுகிறது என்று டீச்சர் ஒரு படிவம் வாங்கிக்கொடுத்தார். அதில் ஒரு கேள்வி: தந்தை சொந்தமாகவோ குத்தகையாகவோ நிலம் சாகுபடி செய்கிறாரா? ஆம், இல்லை.

இல்லை என்பதில் குறி போட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் "விவரம்" என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் தள்ளிவிடுவார்களோ என்று பயம். நன்றாக யோசித்து, பிழையில்லாமல் எழுதினேன்: "என் தந்தை எந்த நிலத்திலும் சாகுபடி செய்யவில்லை. கூலி வேலை மட்டுமே செய்து எங்களைக் காப்பாற்றி வருகிறார்." அப்பா கூலிக்கும் போவார் அக்கா, நடவில்லாத மாதங்களில் போவார். அதனால் இரண்டாவது வாக்கியத்தில் பாதி உண்மைதான்.

அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். "என்னா எழுதியிருக்க?" என்றார். "உங்களப் பத்திதான்ப்பா." காகிதத்தைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தார். போட்டுக்கொடுத்தார்.

ஊரில் மதிப்புள்ள ஒருவர் பரிந்துரைக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு இடம். எங்களுக்குத் தெரிந்த மதிப்புள்ளவர் யார்? ஜாதகம் பார்க்க நல்ல ஜோசியர் வேண்டும் என்றாலும், ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்றாலும் அப்பா போய் நிற்கிற வாசல் ஒன்றுதான். அங்கேதான் போனோம். அப்பா குத்தகைக்காரர் இல்லை என்று எழுதிய காகிதத்தை, அந்த நிலத்துக்காரரிடமே கொண்டுபோய் நீட்டினோம். இரண்டு பேருக்கும் அப்போது அது உறைக்கவில்லை. உதவிதானே கேட்கிறோம் என்று போனோம்.

சபாநாதன் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "பொண்ணு எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு வேதையா" என்றார். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். "ஒரு ஜெராக்ஸ் எடுத்து எங்கிட்ட குடுத்துரும்மா. நான் கையெழுத்துப் போட்ட எதுக்கும் ஒரு காப்பி வச்சுக்கறது பேங்க் பழக்கம்."

நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். அக்கா, ஓடித்தான் போனேன். வெளிச்சமாக விழவில்லை என்று கடைக்காரரிடம் சொல்லி இன்னொரு முறை எடுக்கச் சொன்னேன்.

அவர் அப்போதே திட்டம் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. நல்ல மனிதர்தான். படிப்பு முடிந்ததும் எனக்குப் போட்டித் தேர்வுப் புத்தகம் வாங்கிக்கொடுத்தவர். தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது.

போன தை மாதம், சம்பா அறுவடை முடிந்த கையோடு அவர் வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் நிலத்தைக் கேட்கிறார், முன்பணமும் வாங்கியாகிவிட்டது என்றார். "இந்தச் சம்பாவோட நிறுத்திக்க வேதையா. உனக்கு ஏதாவது பாத்துச் செய்றேன்."

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "பங்கு, ஐயா?"

"எந்தப் பங்கு?"

"குத்தகைப் பங்கு. மூணுல ஒண்ணு."

"பதிஞ்சிருந்தாத்தானேப்பா பங்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் விவசாயிகள் சங்கத்துப் பக்கிரிசாமி தோழரைக் கூட்டிவந்தார். தோழருக்கு அறுபது வயதிருக்கும். சைக்கிள் கேரியரில் எப்போதும் ஒரு துணிப்பை, பை நிறைய அடுத்தவர்களின் காகிதங்கள். "இத்தன வருஷமா வராதவன் இப்பவாச்சும் வந்தியே. இன்னம் பதியலாம். சாகுபடியில இருக்கன்னு காட்டிட்டாப் போதும்" என்றார்.

அம்மாவுக்குப் பயம். "பெரிய மனுஷங்களோட எதுக்கு வம்பு? அவுங்க குடுக்கறத வாங்கிக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருப்போம். மூணு மா கெடைச்சா மட்டும் என்னா செய்யப்போற? நாளைக்கே ஒரு செலவு வந்தா விக்கத்தான போற."

"விக்கிறதுக்காவது ஒரு தடவ எம்பேர்ல இருக்கட்டுமே அஞ்சம்மா" என்றார் அப்பா. "அறுபது வருஷமா அடுத்தவன் நெலத்த அடுத்தவன் விக்கிறதத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். ஒருநா நானும், தர மாட்டேன் போய்யான்னு ஒருத்தன்கிட்டச் சொல்லிப் பாக்கறேன்."

அதைச் சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பை அதற்கு முன் பார்த்ததில்லை.

மனுவை நான்தான் எழுதினேன். கதிரடிக்கும் இயந்திர வாடகைச் சீட்டு, டீசல் என்ஜினுக்கு அப்பா பெயரில் வாங்கிய பில், பக்கத்து வயல்காரர்கள் பதினொரு பேர் கையெழுத்து எல்லாம் வைத்தோம். தோழர் படித்துவிட்டு, "வக்கீலு தோத்தான்" என்றார்.

அந்தப் பழைய படிவம் எனக்கு ஞாபகம் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை.

சரி, ஒரு தடவை வந்தது. "கடந்த முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து சாகுபடி செய்து வருகிறார்" என்று எழுதும்போது வந்தது. அறக்கட்டளைக்குக் கொடுத்த காகிதம் இங்கே எங்கே வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஜெராக்ஸ் கொடுத்தது அப்போது ஞாபகத்தில் இல்லை. அல்லது, இருந்திருந்தால் தோழரிடம் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கிடையில் அரசு வேலைக்கு நான் எழுதியிருந்த தேர்வின் முடிவு வந்தது. பட்டியலில் என் பெயர் இருந்தது. சான்றிதழ் சரிபார்க்கச் சென்னைக்கு வரச் சொல்லிக் கடிதம். விசாரணை ஒரு வியாழக்கிழமை, சென்னை அதற்கடுத்த புதன்கிழமை.

விசாரணை தாலுகா ஆபீசில் நடந்தது. தாசில்தார் ஒரு அம்மா. எரிந்து விழாத ஆள். அப்பாவை உட்காரச் சொன்னார், அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் சொன்னார்கள், நன்றாகவே சொன்னார்கள். "வேதையன் எறங்காத சேத்துல நாத்து புடிக்காதுங்க மேடம்" என்றார் ஒருவர். அந்த அம்மாவே சிரித்துவிட்டார். சபாநாதன் சார் வரவில்லை, அவருடைய வக்கீல்தான் வந்திருந்தார். எங்கள் பக்கம் ஜெயித்துவிட்டது போலவே இருந்தது.

வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்தார். தூரத்திலிருந்தே தெரிந்தது. வெளிச்சமாக விழுந்திருந்தது.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாம்."

"விவரம்ங்கிற எடத்துல எழுதினதும் நீங்கதான்?"

"ஆமாம்."

அவர் சத்தமாகப் படித்தார். நான் எழுதியதை வேறு ஒருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுல ஒண்ணுதாம்மா நெசமா இருக்க முடியும்" என்றார் வக்கீல். "அன்னைக்கு எழுதினது பொய்யா, இப்ப மனுவுல இருக்கறது பொய்யா? அன்னைக்கு எழுதினது பொய்னா, பொய்யச் சொல்லி மூணு வருஷம் உதவி வாங்கியிருக்கீங்க, அதையும் மேடம் பதிஞ்சுக்கட்டும். கவர்மென்ட் வேலைக்கு வேற பேரு வந்திருக்காமே. சந்தோஷம்."

"அது இங்க வேண்டாம் சார்" என்றார் தாசில்தார் அம்மா. பிறகு என்னிடம், "நீ சொல்லும்மா. அவசரம் இல்ல, யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். யோசிக்கச் சொன்னதால் யோசித்தேன். புதன்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. பொய்யான தகவல் கொடுத்திருந்தால் தேர்வு ரத்து செய்யப்படும் என்று நிபந்தனைகளில் ஒரு வரி உண்டு. அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தவள் நான். அது இதற்குப் பொருந்துமா பொருந்தாதா என்று மனசுக்குள் வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பக்கிரிசாமி தோழர் தொண்டையைச் செருமினார். "படிப்புக்காக எழுதினதுன்னு சொல்லு பாப்பா. உள்ளதச் சொல்லு. மேடம் புரிஞ்சுக்குவாங்க."

ஒரு வார்த்தைதான் அக்கா. "பொய்தான்" என்ற ஒரு வார்த்தை. என் வாய் திறந்திருந்தது என்று தோழர் பிறகு ஊரில் சொன்னாராம். எனக்குத் தெரியவில்லை.

அப்பா எழுந்தார். "நான் கூலிதாங்க மேடம்."

"நீங்க உக்காருங்கய்யா. உங்களக் கேக்கல."

"இல்லீங்க. எம்பொண்ணு எழுதுனது நெசந்தான். மனுதான் தப்பு. தோழர் போடலாம்னாரு, போட்டுட்டோம்."

தோழர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சாட்சி சொன்ன இரண்டு பேரும் எழுந்து அவர் பின்னால் போனார்கள். தாசில்தார் அம்மா பேனாவை மூடி வைத்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அப்பா தலையாட்டினார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. அங்கே எழுதியிருப்பதைப் பாருங்கள், என் பெயருக்கு நேரே இரண்டு "ஆமாம்" மட்டும்தான் இருக்கும். இரண்டும் உண்மை.

வெளியே வந்து எதிர்க் கடையில் அப்பா டீ சொன்னார். எனக்குச் சர்க்கரை குறைவாக என்று சொல்ல மறக்கவில்லை. "மெட்ராசுக்கு எந்த வண்டியில போற?" என்று கேட்டார். நான் அழுதேன். அழுதுகொண்டே, "அதுல என்ன எழுதியிருக்குன்னு உங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்ப்பா" என்றேன்.

"அன்னைக்கே படிச்சேனே" என்றார். "எழுத்துக் கூட்டிப் படிக்கவா தெரியாது எனக்கு? முத்து முத்தா எழுதியிருந்த."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அம்மாதான் பேசாமல் பேசுகிறாள். சோற்றைப் போட்டுவிட்டு, "சாப்பிடுங்க ஆபீசரம்மா" என்கிறாள்.

மனு தள்ளுபடியாகி உத்தரவு வந்தது. திருப்பூர்க்காரர் வேலி போட்டுத் தென்னங்கன்று வைத்துவிட்டார். மேல்முறையீட்டுக்கான நாள் கழியட்டும், பிறகு பத்திரம் பதியலாம் என்று காத்திருக்கிறார். கன்றுக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டும் என்றார்களாம். அப்பா போகிறார். நாள் கூலி. எந்த மூலையில் தண்ணீர் ஏறாது என்று அவருக்குத்தானே தெரியும். இப்போது யார் வந்து விசாரித்தாலும் அந்தப் படிவத்தில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியாது. இதை நினைத்து ஒருநாள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படி இருந்தது என்பதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். இன்றோடு இருபத்தாறு ஆகிறது. பக்கிரிசாமி தோழர் எங்களோடு பேசுவதில்லை. ஆனால் போன வாரம் யாரிடமோ ஒரு கவர் கொடுத்தனுப்பினார். இதோ, இந்தக் கோப்பில் நியமன ஆணைக்கு அடியில் இருக்கிறது. ஒரே பக்கம், டைப் அடித்தது. "விடுதி உதவி பெறுவதற்காக நான் அவ்வாறு எழுதினேன், அது உண்மையல்ல, விசாரணையன்று என்னைக் காப்பாற்றவே என் தந்தை அவ்வாறு சொன்னார்." கீழே என் பெயர் மட்டும், கையெழுத்துக்கு இடம் விட்டு. அப்பா அவரைப் பொய்யராக்கிய பிறகும் மனிதர் இதை அடித்து அனுப்பியிருக்கிறார்.

கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடுமா என்று கேட்கிறீர்களா? தெரியாது. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், ஒன்றும் ஆகாது, தாராளமாகப் போடு என்று சொல்லிவிடுவார்களோ என்று இருக்கிறது.

நான் போட மாட்டேன் என்று சொல்லவில்லை அக்கா. முதலில் சேர்ந்துவிடுகிறேன். தகுதிகாண் காலம் இரண்டு வருடம். அது முடிந்து வேலை நிலையானதும் நானே மேல்முறையீடு எழுதுவேன், வக்கீலை விட நன்றாக எழுதுவேன். நாள் கடந்தாலும் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு சேர்த்துக் கொடுக்கலாமாம், விசாரித்துவிட்டேன். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் ஏறினதிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். அப்பா இரண்டு வருடமாக உடம்பு முடியாமல் படுத்திருந்தார் என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். அப்பா கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிடுவார்.